காற்றடைத்த துடுப்புப் பலகை வாங்குமுன் விளிம்பைத் தடவிப் பாருங்கள்

சென்ற ஆண்டு மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் சென்னையை அடுத்த கோவளத்தில் துடுப்புப் போட்டுவிட்டு வந்து, பலகையைக் காற்றோடு அப்படியே மொட்டை மாடிச் சுவரில் சாய்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ரசம் ஊற்றும் நேரத்தில் மேலே புஸ்ஸென்று ஒரு சீறல். பக்கத்து வீட்டு எரிவாயு சிலிண்டரோ என்று பதறி ஓடினேன். என் பலகைதான். விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்து, உள்ளே வெள்ளை நூல்கள் தெரிந்தன. வாங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. விலை 24,000 ரூபாய்.

அதன் பிறகு நான்கு மாதம் விற்றவரோடு மின்னஞ்சலில் வழக்காடினேன், பஞ்சர் கடைக்குப் போனேன், தவறான பசையை வாங்கினேன், கடைசியில் இரண்டாவது பலகையையும் வாங்கினேன். நின்றபடி துடுப்புப் போடும் பலகையை முதல்முறையாக வாங்கப் போகிறவர்களுக்கு இந்த அலைச்சல் வேண்டாம் என்பதால் எழுதுகிறேன். கடைக்காரர்கள் மேல்பரப்பின் நிறத்தையும் அடுக்குகளையும் பற்றித்தான் பேசுவார்கள். பலகை சாவது பெரும்பாலும் விளிம்பில்.

1. எந்தத் தண்ணீர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற கழிமுகங்களில் பாலத்தூண்களிலும் கற்களிலும் ஒட்டியிருக்கும் ஆளிச் சிப்பிகள் பிளேடு போல இருக்கும். அங்கே போகிறவருக்கு அடிப்பகுதியின் தடிமன் முக்கியம். கடலில் மட்டும் போகிறவருக்கு உப்பும் வெயிலும்தான் எதிரி. ஏரியில் மாதம் ஒருமுறை மிதக்கப் போகிறவர் எளிய பலகையே வாங்கலாம். யாரும் குறை சொல்லப் போவதில்லை.

பலகையின் தடிமன் 10, 12, 15 செ.மீ. எனக் கிடைக்கிறது. 70 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர் 15 செ.மீ. பலகையை எடுங்கள். மெல்லிய பலகை நடுவில் வாழையிலை போல வளையும். அது வளைய வளைய விளிம்புப் பசை ஒவ்வொரு முறையும் இழுபடும். முதல் பலகையில் நான் மிச்சம் பிடித்தது இங்கேதான்.

2. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடற்கரையில் விற்கும் காற்று மெத்தையை அழுத்தி ஊதினால் உருண்டையாகிவிடும். துடுப்புப் பலகை மட்டும் எப்படித் தட்டையாகவே நிற்கிறது? மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஆயிரக்கணக்கான சம நீள நூல்கள் உள்ளே இழுத்துப் பிடித்திருக்கின்றன. இதைத்தான் டிராப் ஸ்டிச் என்கிறார்கள். இந்த நூல்களின் பலத்தில்தான் 12 முதல் 15 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) வரை காற்று அடைக்க முடிகிறது. கார் டயரில் 30 முதல் 35 என்று நினைத்துப் பார்த்தால், ஒட்டிச் செய்த ஒரு பைக்கு 15 என்பது எவ்வளவு பெரிய அழுத்தம் என்பது புரியும்.

அடித்துணி இரண்டு விதம். பின்னல் துணி எடை குறைவு, எளிதில் சுருளும், ஆனால் இழுபடும். நெசவுத் துணி அவ்வளவாக இழுபடாது, பலகை விறைப்பாக இருக்கும். சில பலகைகளில் உள்நூல்கள் நேராக இல்லாமல் பெருக்கல் குறிபோலக் குறுக்காகப் போகும். அவற்றில் வளைவு இன்னும் குறைவு. ஆயிரம் டெனியர், ராணுவத் தரம் என்ற விளம்பர வரிகளைத் தாண்டிப் போய்விடுங்கள். நூலின் தடிமனைச் சொல்லும் எண் விளிம்பு எப்படி ஒட்டப்பட்டது என்பதைச் சொல்லாது.

உள்நூல்கள் அறுந்தால் அந்த இடம் பூரி போல உப்பும். அதற்கு மருத்துவம் கிடையாது. கண்காட்சிப் பலகையோ பழைய பலகையோ வாங்கினால், முழுக் காற்றில் வைத்து, கண்ணைப் பரப்பின் மட்டத்துக்கு இறக்கி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பாருங்கள். மேடு தெரிந்தால் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

3. அடுக்குகளின் கணக்கு

ஒற்றை அடுக்கில், டிராப் ஸ்டிச் துணியின்மேல் ஒரே ஒரு பி.வி.சி. பூச்சு. 10 அடி 6 அங்குலப் பலகை 8 கிலோ அளவில் இருக்கும். மலிவு, தூக்க எளிது. சிப்பி கீறினால் நேரே துணிக்குப் போய்விடும்.

கையால் ஒட்டிய இரட்டை அடுக்கில், அதே துணியின்மேல் இன்னொரு பி.வி.சி. தாளைப் பசை தடவி ஒட்டுவார்கள். விறைப்பு உண்டு, கீறல் தாங்கும். எடை 11 முதல் 13 கிலோ. பசை எல்லா இடத்திலும் சீராகப் பரவவில்லை என்றால் வெயிலில் அடுக்குகளுக்கு நடுவே கொப்புளம் எழும். இன்னொரு தொல்லையும் இருக்கிறது. உள் அடுக்கில் ஓட்டை விழுந்தால் காற்று இரண்டு தாள்களுக்கும் இடையே ஊர்ந்துபோய் வேறோர் இடத்தில் வெளியேறும். குமிழி வருகிற இடத்தில் ஒட்டுப் போட்டுவிட்டு, ‘ஏன் இன்னும் இறங்குகிறது’ என்று நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

ஃபியூஷன் என்ற முறையில் இரண்டாவது அடுக்கைத் தொழிற்சாலையில் இயந்திரமே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் துணியோடு சேர்த்துவிடுகிறது. நடுவே கைப்பசை இல்லாததால் எடை 9 அல்லது 10 கிலோவில் நிற்கும், கொப்புளமும் அரிது. ஒவ்வொரு நிறுவனமும் இதற்குத் தன் பெயர் ஒன்றை வைத்துக்கொள்கிறது. துடுப்புப் பலகை செய்யும் ரெட் நிறுவனம் வைத்த பெயர் எம்.எஸ்.எல். பெயரை விட்டுவிட்டு, ‘இரண்டாவது அடுக்கு கையால் ஒட்டியதா, இயந்திரத்தில் சேர்த்ததா’ என்று மட்டும் கேளுங்கள்.

என் தேர்வு ஃபியூஷன்தான். ஆனால் நல்ல விளிம்புள்ள ஒற்றை அடுக்குப் பலகைக்கும் மோசமான விளிம்புள்ள ஃபியூஷன் பலகைக்கும் நடுவே நிற்க நேர்ந்தால், யோசிக்காமல் முதலாவதை எடுப்பேன்.

4. விளிம்பு

மேல் பரப்பும் கீழ்ப் பரப்பும் தனித்தனித் துண்டுகள். அவற்றைச் சுற்றிலும் பி.வி.சி. பட்டை ஓடி, பெட்டியின் பக்கச் சுவர் போல இரண்டையும் சேர்க்கிறது. அடைத்த காற்று இந்தப் பட்டையை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பட்டையை நிறுத்தி வைக்க உள்நூல்கள் இல்லை, ஒட்டு மட்டும்தான்.

பசையால் ஒட்டும் முறைதான் பரவலானது. தொழிலாளி துணியைத் துடைத்து, பசை தடவி, உலர விட்டு, பட்டையை வைத்து உருளையால் அழுத்துகிறார். அன்று காற்றில் ஈரம் அதிகமாக இருந்தாலோ, உலரும் நேரத்தில் கொஞ்சம் குறைத்தாலோ ஒட்டு பலவீனமாகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. முதல் கோடைதான் காட்டிக்கொடுக்கும். வெப்பம் பசையை இளக்குகிறது, ஈரம் அதை மெல்ல அரிக்கிறது. சென்னையில் இரண்டும் ஆண்டு முழுக்க உண்டு. பட்டை ஒன்றா இரண்டா என்பதும் முக்கியம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பட்டைகள் இருந்தால், முதல் ஒட்டு தளர்ந்தாலும் அடுத்தது கொஞ்ச காலம் பிடித்து நிற்கும். பிளந்த என் பலகையில் ஒரே ஒரு பட்டைதான்.

வெல்டிங் முறையில் பசைக்குப் பதிலாக வெப்பம். பி.வி.சி. உருகி பி.வி.சி.யோடு ஒன்றாகிவிடுகிறது. இளகுவதற்குப் பசை என்ற ஒன்று நடுவே இல்லாததால் வெயில் நாட்டுக்கு இதுதான் சரி.

இங்கே ஒரு பொறி வைத்திருக்கிறார்கள். ‘வெல்டிங் விளிம்பு’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், வெல்டிங் செய்தது உள் இணைப்பையா, வெளிப்பட்டையை மட்டுமா என்று சொல்லமாட்டார்கள். எழுத்தில் கேளுங்கள். நான் ஆறு விற்பனையாளர்களுக்கு எழுதினேன். இரண்டு பேர் தெளிவாகப் பதில் தந்தார்கள், ஒருவர் வேறு நிறப் பலகையின் படத்தை அனுப்பினார், மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. அந்த மௌனமும் எனக்கு ஒரு பதில்தான்.

கையால் அறிவதற்கும் வழி உண்டு. பட்டையின் ஓரத்தில் விரல் நகத்தை வைத்து மெல்ல இழுங்கள். பசை ஒட்டில் நகம் ஓரத்தில் தட்டும். அருகே மங்கலான மஞ்சள் கறையோ பளபளப்போ தெரியும். நல்ல வெல்டிங்கில் ஓரம் பரப்போடு படிந்திருக்கும். பலகையின் மூக்கின் வளைவிலும் வாலின் வளைவிலும் பட்டை சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வேலை அவசரத்தில் நடந்தால் முதலில் வெளிப்படுவது அந்த வளைவுகளில்தான். பெட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் பசை நாற்றமும் வாரக்கணக்கில் அடங்கவில்லை என்றால், கைப்பசை தாராளமாக ஓடியிருக்கிறது என்று பொருள்.

5. சிறு உறுப்புகள்

வால்வு பெரும்பாலும் ஹால்கி ராபர்ட்ஸ் வகை. நடுவில் இருக்கும் முனையை அழுத்தித் திருப்பினால் மேலே எழும். அந்த நிலையில்தான் காற்று அடைக்க வேண்டும். காற்று மெதுவாக இறங்கும் புதுப் பலகைகளில் பல நேரம் குற்றவாளி இந்த வால்வின் தளர்வுதான். இறுக்கும் பிளாஸ்டிக் சாவி பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றே கேட்டு வாங்குங்கள்.

பலகை நேராகப் போக அடியில் மாட்டும் செதில் போன்ற ஃபின்னின் பெட்டி தனித் துண்டாக ஒட்டப்பட்டது. ஆழம் குறைந்த இடத்தில் தரையில் இடித்தால் பெயர்வது அதுவே. உலோக வளையங்கள் துருப்பிடிக்காத எஃகா என்று காந்தத்தை வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. நான் பார்ப்பது வளையத்தைப் பிடித்திருக்கும் வட்ட ஒட்டின் ஓரத்தைத்தான். மேலே நிற்கும் மெத்தையின் ஓரம் தூக்கினால் பதற வேண்டாம். அது அழகுக் குறை மட்டுமே, காற்றுக்குச் சம்பந்தமில்லை.

6. செலவும் ஆவணங்களும்

இங்கே கிடைக்கும் ஒற்றை அடுக்குப் பலகைகளை நான் பார்த்தபோது 22,000 முதல் 30,000 ரூபாய்வரை இருந்தன. வெல்டிங் விளிம்பும் ஃபியூஷனும் சேர்ந்த என் இரண்டாவது பலகைக்கு, எல்லாம் சேர்த்து 58,000 ஆனது. துடுப்பு, பம்பு, காலையும் பலகையையும் பிணைக்கும் கால்கயிறு ஆகியவை விலைக்குள் அடங்குமா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். மிதவை அங்கி எப்போதும் தனிச்செலவுதான். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைத்தால், சுங்க வரி பலகையின் விலைக்கு மட்டும் விழுவதில்லை. அனுப்பும் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு விழும். அதன்மேல் ஐ.ஜி.எஸ்.டி. என்ற சரக்கு-சேவை வரி; அதுவும் சுங்க வரி சேர்ந்த தொகைக்குத்தான். 14 கிலோ பெட்டிக்கு விமானக் கட்டணமே பெரிது என்பதால் கணக்கு ஊதிப் பெருக்கும். கூரியர் நிறுவனம் அடையாள ஆவணம் கேட்கும். ஆதார் அல்லது பான் அட்டையின் படத்தையும் விலைப்பட்டியலையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். என் பெட்டி இதற்காக ஒன்பது நாள் கிடங்கில் கிடந்தது. வரும் ஒவ்வொரு குறுஞ்செய்தியையும் படியுங்கள். ஒன்றைத் தவறவிட்டதில்தான் அந்த ஒன்பது நாள்.

யாராவது வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள் என்றால், பை 23 கிலோவுக்குள் அடங்குவது எளிது, அளவில்தான் சிக்கல். பல விமான நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ. வரைதான் சாதாரணப் பெட்டியாக ஏற்கின்றன. பலகைப் பை இந்த வரம்பின் ஓரத்திலேயே நிற்கும். துடுப்பை வெளியே துருத்த விட்டால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். கொண்டுவருபவர் விலைப்பட்டியலையும் கையில் வைத்திருக்கட்டும்.

கீழே உள்ளவற்றைப் பலகை வீட்டுக்கு வந்த அன்றே ஒரு கோப்பில் போடுங்கள்:

— வரி எண்ணுடன் கூடிய விலைச்சீட்டு
— பலகையின் வரிசை எண் ஒட்டின் படம் (வால்வின் அருகிலோ வால் பகுதியிலோ இருக்கும், உப்புநீரில் எழுத்து அழிந்துவிடும்)
— விளிம்பு முழுவதையும் சுற்றி எடுத்த காணொளி
— உத்தரவாத அட்டையும், இணையத்தில் பதிவு செய்ததற்கான மின்னஞ்சலும்

என் உத்தரவாதம் செத்தது இந்த இடத்தில்தான். வாங்கி 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது அட்டையின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருந்தது. நான் பதியவில்லை, வரிசை எண்ணும் அழிந்துவிட்டது. ‘அதிக வெப்பத்தால் ஏற்பட்ட சேதம்’ என்று எழுதிக் கையைக் கழுவிவிட்டார்கள். மாடியில் விட்டது நான்தான் என்பதால் முழுப் பழியையும் அவர்கள்மேல் போட எனக்கும் வாய் வரவில்லை. இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு என்ற எண்ணைப் பார்த்து மயங்காமல், விளிம்புக்கு எத்தனை ஆண்டு, வெப்பத்தைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்ற மூன்றையும் படித்துவிடுங்கள்.

7. முதல் 48 மணி நேரம்

திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் இதைச் செய்யுங்கள். சிலர் பலகையை வாங்கி, நல்ல நாள் பார்த்து, இரண்டு மாதம் கழித்துப் பிரிக்கிறார்கள். அதற்குள் கெடு முடிந்திருக்கும்.

வீட்டுக்குள், விசிறிக்கு அடியில், நிழலில் காற்று அடையுங்கள். கைப்பம்பில் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். முதல் சில நிமிடம் பம்பிலுள்ள அழுத்தமானியின் முள் அசையாது. பம்பு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், 5 அல்லது 6 பி.எஸ்.ஐ. தாண்டிய பிறகுதான் அது விழிக்கும். பெட்ரோல் நிலையத்துக் காற்றுக் குழாய்ப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். டயருக்கான அந்த அழுத்தத்தில் நிறுத்துவதற்குள் எல்லை தாண்டிவிடும்.

பரிந்துரைத்த அளவுக்கு நிரப்பி, நேரத்தையும் அளவையும் குறித்து, இரண்டு இரவு அப்படியே விடுங்கள். அடைக்கும்போது காற்று சூடாகிப் பின் ஆறுவதால் முதல் மணி நேரத்தில் அரை பி.எஸ்.ஐ. இறங்கினால் கவலை வேண்டாம். மறுநாள் காலையிலும் அதற்கடுத்த காலையிலும் அதே நேரத்தில் அளந்து ஒப்பிடுங்கள். தொடர்ந்து இறங்கினால் பாத்திரம் துலக்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். முதலில் வால்வு, பிறகு விளிம்பு முழுவதும், கடைசியில் ஃபின் பெட்டி. குமிழி வால்வில் வந்தால் சாவியால் இறுக்குங்கள். விளிம்பில் வந்தால் நீங்களாக ஒட்ட முயலாமல், காணொளி எடுத்து அன்றே விற்றவருக்கு அனுப்புங்கள். நீங்கள் பசை வைத்த கணமே உத்தரவாதம் போய்விடும்.

8. வெயில்

என் பலகை ஏன் பிளந்தது? அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் கூடும். காலை 27 டிகிரியில் 15 பி.எஸ்.ஐ. அடைத்தால், உள்ளே இருக்கும் காற்று 57 டிகிரியைத் தொடும்போது அது ஏறக்குறைய 18 ஆகிவிடும். பத்து டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் கூடுகிற அதே நேரத்தில் அதே வெயில் பசையையும் இளக்குகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் விளிம்பைத் தாக்கினால் என்ன ஆகும் என்பதை என் மாடியில் பார்த்தேன்.

ஆகவே கோடையில் 12 அல்லது 13-உடன் நிறுத்துங்கள். தண்ணீரில் இறக்கியதும் குளிர்ந்து இன்னும் கொஞ்சம் தொய்யும். தேவையென்றால் அப்போது இரண்டு தடவை அடித்துக்கொள்ளலாம். கரையேறியதும் நிழல் இல்லையென்றால் வால்வைத் திறந்து காற்றில் கால்வாசியையாவது விட்டுவிடுங்கள். காரின் பின்பெட்டியில் சுருட்டி வைத்து மறந்துவிடுவது மாடியில் விடுவதைவிடப் பெரிய தவறு. மடிப்புகளில் பசை இளகும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, தளர்வாகச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள். மடிப்பு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலகையின் ஆயுளைப் பற்றியதன்று, உங்களுடையதைப் பற்றியது. விடிகாலையில் நம் கரையில் தரைக்காற்று கடலை நோக்கி வீசும். தண்ணீர் கண்ணாடி போலத் தெரியும். பலகை இலேசானது என்பதால் சத்தமில்லாமல் உள்ளே இழுத்துப் போய்விடும். கால்கயிறும் மிதவை அங்கியும் இல்லாமல் இறங்காதீர்கள்.

9. கிழிந்துவிட்டால்

சைக்கிள் டியூப் ஒட்டுபவரிடம் கொண்டுபோகாதீர்கள். நான் போனேன். அவர் நல்ல மனிதர், உப்புத்தாளால் தேய்த்து, தன் சொல்யூஷனைத் தடவி, 40 ரூபாய்க்கு அழகாக ஒட்டிக் கொடுத்தார். அடுத்த நாள் வாழைத்தோல் போல உரிந்தது. அது ரப்பருக்கான பசை; பி.வி.சி.யைப் பிடிக்காது. பலகையோடு வரும் சிறு குழாய்ப் பசையும் பெரும்பாலும் திறக்குமுன்னே காய்ந்திருக்கும். பி.வி.சி. காற்றுப் படகுகளுக்கு விற்கும் இரண்டு பாகப் பாலியூரிதேன் பசையை வாங்குங்கள். எனக்கு 1,100 ரூபாய் ஆனது.

சிறு ஓட்டை என்றால் வீட்டிலேயே முடியும். காற்றை முழுக்க விட்டு, இடத்தை அசிட்டோனால் துடையுங்கள். ஒட்டுத் துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலை சீக்கிரம் தூக்கும். இரண்டு பக்கமும் மெல்லிய பூச்சு, பத்து நிமிடம் உலர்வு, மறுபடி ஒரு பூச்சு. தொட்டால் பிசுபிசுக்கும் பக்குவத்தில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கரண்டியின் முதுகால் அழுத்துங்கள். 24 மணி நேரம் காற்று அடைக்காதீர்கள். மழை நாளில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். சன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு அருகில் இருக்கக்கூடாது.

விளிம்பு பிளந்தால் கதை வேறு. பழைய பசை முழுவதையும் சுரண்டி எடுக்காமல் புதுப் பசை நிற்காது. விரல் நீளத்துக்குள் என்றால் முயன்று பார்க்கலாம். என்னுடையது ஒரு சாண். காற்றுப் படகு பழுது பார்ப்பவர் ஒருவர் 4,500 ரூபாய் கேட்டார், ஓராண்டு தாங்கும் என்று சத்தியம் செய்ய மறுத்தார். ஒட்டிய இடம் இன்றுவரை நிற்கிறது. நான்கு விரல் தள்ளி, அடுத்த பகுதி மெதுவாக வாய் திறக்கத் தொடங்கியிருக்கிறது. இப்போது அந்தப் பலகையில் 8 பி.எஸ்.ஐ.க்கு மேல் அடைப்பதில்லை. அக்கா பிள்ளைகள் கரையோரம் உட்கார்ந்து தண்ணீர் அடித்து விளையாட அது போதுமானதாக இருக்கிறது.